ஏடிஹெச்டி அமைப்புக்காக நிதி திரட்டும் தன்னார்வக் குழுவை வழிநடத்துவது எப்படி?

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குத் துணை நிற்கும் சிறிய அமைப்புகளில் நிதி திரட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஊதியம் பெறாத ஒருவரிடம்தான் வந்து சேர்கிறது. அவர் அத்தகைய குழந்தையின் தாயாகவோ தந்தையாகவோ இருப்பார். அல்லது நடுத்தர வயதில் தமக்கே அந்த நிலை இருப்பதைத் தெரிந்துகொண்டவராக இருப்பார். நாலு பேரைத் தெரிந்தவர் என்பதற்காக அறங்காவலர்கள் அவரைக் கேட்டிருப்பார்கள். அவரும் அந்த நாலு பேரிடம் தாமே போய்க் கேட்டு, முதல் ஆண்டில் ஓரளவு பணம் சேர்த்து, இரண்டாம் ஆண்டில் களைத்துப்போவார். குழுத் தலைவரின் உண்மையான வேலை வேறு: பலரும் துணிந்து கேட்பதற்கும், கேட்டதை எவரும் மறந்துவிடாமல் தொடர்வதற்கும், வந்த பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்வதற்கும் ஏற்ற ஒரு நடைமுறையை உருவாக்குவதே அது. தமிழ்நாட்டில் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவுபெற்ற ஒரு சிறு அமைப்பை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பொறுப்பை ஏற்கும் முன்

அமைப்பின் அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரித் துறையின் 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தருவது) பதிவுச் சான்றுகள், அவை காலாவதியாகும் நாள், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரிய தொகை தரும் எவரும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். கேட்டு ஒரு வாரமாகியும் அவை கைக்கு வரவில்லை என்றால், நிதி திரட்டுவதைவிட முந்திய வேலை ஒன்று அந்த அமைப்பில் பாக்கி இருக்கிறது என்று பொருள்.

அடுத்ததாக, அறங்காவலர்களோடு அமர்ந்து ஒரே ஒரு பக்கத்தில் அதிகார வரம்பை எழுதி வாங்குங்கள். நன்கொடையை ஏற்பது யார், மறுப்பது யார், அமைப்பின் பெயரால் நிறுவனங்களோடு பேசலாம் என்ற உரிமை யாருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு வரை முன்கூட்டிச் செலவழிக்கலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். சட்டப் பொறுப்பு அறங்காவலர்களுடையது. தன்னார்வலர் அதைச் சுமக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. எந்தத் தன்னார்வலரும், எவ்வளவு அவசரமானாலும், தம் சொந்த யுபிஐ எண்ணில் நன்கொடை வாங்கக் கூடாது என்ற விதியை இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ‘இன்றைக்கு என் ஜீபேயில் வாங்கி நாளைக்கு மாற்றிவிடுகிறேன்’ என்பது நல்லெண்ணத்தில் தொடங்கி, கணக்கு முடிக்கும் நாளில் நட்பைக் கெடுத்துவிட்டுப் போகும்.

யாரிடம் வாங்க மாட்டோம் என்பதையும் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்தத் துறையில் அதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1987இல் அமெரிக்காவில் பெற்றோர்களால் தொடங்கப்பட்ட சாட் என்ற அமைப்பு, ஏடிஹெச்டிக்குத் தரப்படும் ரிட்டலின் மருந்தைத் தயாரித்த சிபா-கெய்கி நிறுவனத்திடமிருந்து பெருந்தொகை பெற்றுவந்தது 1995இல் பொதுத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றின் வழியே பேசுபொருளானது. அந்த மருந்தின் மூலப்பொருளான மெத்தில்ஃபெனிடேட் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கோரி அதே அமைப்பு மனுச் செய்திருந்த நேரம் அது. மருந்து பலருக்குப் பயன் தருகிறது என்பது வேறு விஷயம். மருந்தைப் பற்றி அந்த அமைப்பு சொன்னதை எல்லாம் மக்கள் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியதே அதற்கு நேர்ந்த இழப்பு. மருந்து நிறுவனங்கள், மதிப்பீட்டு மையங்கள், ‘ஏடிஹெச்டியைக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் ஆகியோரிடம் வாங்குவதா, வாங்கினால் எந்த வரம்புக்குள், அதை எங்கே வெளிப்படுத்துவது என்று அறங்காவலர்கள் எழுத்தில் தீர்மானிக்கட்டும். சிறிய அமைப்பு இவர்களிடம் வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லும் முறை

பார்வைக் குறைபாட்டுக்கோ புற்றுநோய்க்கோ நிதி கேட்பவர் அந்த நிலை உண்மையானது என்று நிறுவ வேண்டியதில்லை. ஏடிஹெச்டிக்குக் கேட்பவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘எங்கள் காலத்தில் இதைச் சேட்டை என்போம்’, ‘இரண்டு அடி கொடுத்தால் சரியாகிவிடும்’, ‘வளர்ந்தால் போய்விடும்’ ஆகிய மூன்றும் உங்கள் குழுவினர் வாரந்தோறும் கேட்கப்போகும் பதில்கள். இவற்றோடு வாதாடுவது வீண். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் அமைதியான மறுமொழியை எழுதி எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதை மூளை வளர்ச்சி சார்ந்த நிலைகளின் கீழ் வைத்திருக்கிறது என்பதும், உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது, ஆகவே நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாக இருவர் இருப்பார்கள் என்பதும், பலருக்கு இது பெரியவர்களான பின்பும் தொடர்கிறது என்பதும் போதும்.

நன்கொடையாளர் கேட்கும் இன்னொரு நியாயமான கேள்வி, ‘அரசு இதற்கு எதுவும் செய்வதில்லையா?’ என்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கின்றன. ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. ஆகவே ஏடிஹெச்டி மட்டுமே உள்ள குழந்தைக்கு அந்தப் பட்டியலின் வழியே சான்றிதழும் அதையொட்டிய உதவிகளும் கிடைப்பது அரிது. தனியார் நன்கொடையின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்கும் தகவல் வேறில்லை. உங்கள் வேண்டுகோள் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இது வரட்டும்.

பரிதாபத்தைத் தூண்டும் படங்களைத் தவிர்க்க வேண்டும். இந்தக் குழந்தைகளின் நிலை வெளியே தெரியாதது. இன்று ஒரு துண்டறிக்கையில் வந்த முகம் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு வேலை நேர்காணலில் அவருக்கு எதிராக நிற்கக்கூடும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் தரவுகளுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் இருந்தாலும், முகத்தை விட்டுவிட்டுப் பயிற்சியையும் பாடப்பொருளையும் ஆசிரியரையும் காட்டுங்கள். எதிர்ப்பக்க மிகையும் ஆகாது: ஏடிஹெச்டி ஒரு வரம், மேதைகளின் அடையாளம் என்று எழுதினால், பிறகு எதற்குப் பணம் என்று வாசிப்பவர் கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

தொகையைப் பிரித்துப் பார்த்தல்

‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்று கேட்கும் குழுவுக்கு முடிந்ததில் மிகச் சிறியதே கிடைக்கும். ஓராண்டுக்கு 12 லட்சம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை 2 லட்சம் தரும் ஒருவர், ஒரு லட்சம் தரும் மூவர், 25,000 தரும் எட்டுப் பேர், மாதம் 250 ரூபாய் தரும் நூறு பேர், 2 லட்சம் ஈட்டித் தரும் ஒரு நிகழ்ச்சி என்று பிரித்தால் கணக்கு நேராகிறது. உடனே இரண்டு உண்மைகள் கண்ணில் படும். மேலே இருக்கும் நால்வரிடமிருந்து 5 லட்சம் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பெரிய நன்கொடைக்கும் குறைந்தது மூன்று நான்கு பேரையாவது அணுகினால்தான் ஒருவர் சம்மதிப்பார் என்பதால், பதினைந்து பெயர்கள் இப்போதே தேவை. மாதம் 250 தரும் நூறு பேரோ ஓராண்டில் 3 லட்சம் தருகிறார்கள். யுபிஐ ஆட்டோபே வழியாக ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டால் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நினைவாற்றலை நம்ப முடியாத ஒரு குழுவுக்கு இது பெரிய ஆறுதல். மாத நன்கொடையை ஏன் பல அமைப்புகள் கடைசி வேலையாக வைத்திருக்கின்றன என்பது எனக்கு விளங்கியதேயில்லை.

ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பயனைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஓர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறை, ஒரு குழந்தைக்கான மதிப்பீட்டுக் கட்டணம், பெற்றோர் பயிற்சி வகுப்பின் ஒரு சுற்று என்பதுபோல. அந்த அலகுச் செலவில் வாடகையும் கணக்காளர் ஊதியமும் உரிய பங்காகச் சேர்ந்திருக்க வேண்டும். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பு, அடுத்த ஆண்டு வாடகைக்கு எங்கே போகும்?

குழுவை அமைத்தல், நடத்துதல்

மற்ற அமைப்புகளுக்கான அறிவுரைகள் இங்கே முழுமையாகப் பொருந்தாத இடம் இது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் ஏடிஹெச்டியில் பரம்பரையின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. அதாவது, குழந்தைக்காக உங்கள் அமைப்பைத் தேடி வந்த பெற்றோரில் கணிசமானவர்களுக்கு, தெரிந்தோ தெரியாமலோ, அதே நிலை இருக்கும். உங்கள் நிதி திரட்டும் குழு அவர்களால் ஆனது. உற்சாகமாகப் பத்துப் பேரை அழைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, மூன்று வாரம் கழித்து ஒருவரையும் அழைக்காமல், வெட்கத்தால் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுபவரை எல்லாக் குழுக்களும் பார்த்திருக்கும். அவரைப் பொறுப்பற்றவர் என்று ஒதுக்குவது, எந்தப் புரிதலுக்காக நிதி கேட்கிறோமோ அதையே மறுப்பதாகும். வேலையை அவருக்கு ஏற்ப வடிவமைக்க வேண்டும்.

ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு நாள், ஒரு நேரம். ‘இந்த மாதத்துக்குள் நன்கொடையாளர்களைத் தொடர்புகொள்ளவும்’ என்று எழுதாமல், ‘வியாழன் மாலை 6 மணிக்கு இந்த மூன்று பேரை அழைக்கவும்’ என்று எழுதுங்கள். தொலைவில் இருக்கும் இறுதி நாள் இவர்களில் பலருக்கு இல்லாத நாளேதான். நான்கு நாளில் முடியும் சிறு வேலைகளாக வெட்டிக் கொடுத்தால் அதே மனிதர் மற்ற எவரையும்விட வேகமாக முடிப்பார்.

சேர்ந்து அமர்ந்து செய்வது தனியே செய்வதைவிடப் பல மடங்கு பலன் தரும். வாரத்தில் ஒரு மாலை, ஒரே அறையிலோ காணொலி அழைப்பிலோ எல்லோரும் கூடி, அவரவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசட்டும். அழைப்பு முடிந்த கையோடு, என்ன பேசினோம், அடுத்து என்ன என்பதை ஒரே பொதுத் தாளில் பதிய வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்கிறேன் என்பதை அனுமதிக்காதீர்கள். முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருக்கக் கூடாது; காலை வணக்கப் படங்களுக்கிடையே அவை புதைந்துபோகும். கூட்டம் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆள்சேர்ப்பில் ஒரு சமநிலை தேவை. புதியவர்களிடம் பேசுவதில் மகிழ்பவர், கணக்கிலும் ரசீதிலும் நிறைவு காண்பவர், எழுதத் தெரிந்தவர், நிறுவனங்களில் ஆள் தெரிந்தவர் என ஆறேழு பேர் போதும். பெற்றோர் அல்லாத இருவராவது இருக்கட்டும். குழந்தையின் தேர்வுக் காலத்திலும் வீட்டு நெருக்கடியிலும் பெற்றோர் விலகி நிற்க வேண்டிவரும், அது அவர்கள் உரிமை.

தலைவர் முதலில் தாம் கொடுத்துவிட்டுப் பிறரிடம் கேட்க வேண்டும். தொகை சிறியதாக இருக்கலாம். அதன் பின், எப்படிக் கேட்பது என்பதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘அண்ணா, இந்த ஆண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு எட்டுப் பட்டறைகள் நடத்துகிறோம். ஒன்றுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஆகிறது. அதில் ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ‘இல்லை அண்ணா, ஐந்தாயிரம் கொடுத்தாலும் போதும்’ என்று நம்மவர்களே விலையைக் குறைத்துவிடுவதுதான் வழக்கம்.

வரி, ரசீது, ரொக்கம்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்று எல்லோரும் அறிந்த சலுகையின் கீழ், பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தரும் தொகையில் பாதியை, உரிய வரம்புக்கு உட்பட்டு, நன்கொடையாளர் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் இந்தச் சலுகை கிடையாது. பொருளாகத் தந்தாலும் கிடையாது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தவர்களுக்கும் இது கிடைக்காது. 2023-24 முதல் வேறு தேர்வு செய்யாத எவருக்கும் அந்தத் திட்டமே பொருந்தும் என்று ஆகிவிட்டதால், வரிச் சலுகையை முன்னிறுத்தும் வேண்டுகோள் முன்போல் எடுபடாது. யாரிடமும் ‘வரி மிச்சமாகும்’ என்று உறுதி சொல்ல வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழையதன் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன; ரசீதில் அச்சிடும் வாசகத்தை ஆடிட்டரிடம் காட்டிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

பழைய சட்டத்தின்படி, நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். க்யூஆர் குறியீட்டை ஒட்டிவைத்தால் பணம் வரும், ஆனால் யார் அனுப்பியது, அவரது பான் எண் என்ன என்பது வராது. ஆகவே குறியீட்டுக்குப் பக்கத்திலேயே பெயர், முகவரி, பான் எண் கேட்கும் சிறு படிவமும் இருக்க வேண்டும். உண்டியல் வைத்து யாரென்று தெரியாமல் திரட்டும் தொகைக்கும் வரம்பு உண்டு: மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட பெயரில்லா நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படும்.

மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட ஊர்ப்பெயர், தந்தை பெயரோடு எழுதிவைக்கும் கவனம் நம் மக்களிடம் உண்டு. நன்கொடைப் பதிவேட்டிலும் அதே கவனம் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள்

குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர், ‘என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், அனுப்பச் சொல்கிறேன்’ என்பார். அங்கே நிறுத்துங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, தருபவர் எங்கே வாழ்கிறார் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதையே பார்க்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்தத் தம்பி அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. சென்னைக்கு விடுமுறைக்கு வந்து ரூபாயாகத் தந்தாலும் அப்படித்தான். அதை வாங்க அந்தச் சட்டத்தின் கீழ் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு இயக்கமும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் தேவை. பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்கே முதலில் வர வேண்டும். பதிவில்லாத அமைப்பு வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் அனுப்புபவரின் இந்தியக் கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். நகல் தரத் தயங்குபவரின் பணத்தை நன்றியோடு மறுத்துவிடுங்கள்.

நிறுவனங்களை அணுகுதல்

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்த நிதியைப் பெறும் அமைப்பு, அதற்கான சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் பெரிய திட்டங்களையே நாடுவதால், 5 கோடி லாபத்தை இப்போதுதான் தாண்டிய உள்ளூர் நிறுவனங்களே சிறிய அமைப்புக்கு ஏற்றவை. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் அப்படிப்பட்டவை நிறைய; அவற்றின் உரிமையாளர்களை நேரில் சந்திக்கவும் முடியும். விண்ணப்பத்தை ‘குறைபாடு’ என்ற தலைப்பில் வைப்பதைவிட, சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள கல்வி என்ற தலைப்பில் ஆசிரியர் பயிற்சியாக வைத்தால் அவர்களின் குழு எளிதில் புரிந்துகொள்ளும்.

நாட்காட்டி

அக்டோபர் பல நாடுகளில் ஏடிஹெச்டி விழிப்புணர்வு மாதம். இந்தியாவில் ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரமும் அக்டோபர் 2 முதல் 8 வரை வருகிறது. தீபாவளி போனஸும் ஏறத்தாழ அதே காலத்தில். ஆகவே ஆண்டின் முதன்மை முயற்சியை அக்டோபரில் வையுங்கள். மார்ச்சில் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் நினைவூட்டுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிக் கை வறண்டிருக்கும். அப்போது கேட்காமல், கடந்த ஆண்டு என்ன செய்தோம் என்ற அறிக்கையை அனுப்புங்கள். ஓட்டம், இசை நிகழ்ச்சி போன்றவற்றை ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். அவை ஈட்டும் தொகையைவிட விழுங்கும் உழைப்பு அதிகம். மண்டபம், ஒலிபெருக்கி, உணவு ஆகியவற்றின் செலவை ஓர் ஆதரவாளர் ஏற்றுக்கொண்ட பின்பே தேதியை அறிவியுங்கள்.

நன்றியும் கைமாற்றமும்

ரசீது 48 மணி நேரத்தில் போக வேண்டும். அதைத் தானாக அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. பெரிய நன்கொடையாளருக்குத் தலைவரே தொலைபேசியில் நன்றி சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து, எதுவும் கேட்காத ஒரு கடிதம் போகட்டும்: பட்டறைக்கு எத்தனை ஆசிரியர்கள் வந்தார்கள், எதில் நினைத்தது நடக்கவில்லை, மீதிப் பணம் எங்கே இருக்கிறது. நடக்காததையும் எழுதும் அமைப்பை மக்கள் நம்புகிறார்கள்.

தலைவர் பதவிக்கு இரண்டாண்டு வரம்பு வைத்து, முதல் ஆண்டு முடியும்போதே அடுத்தவரைத் துணைத் தலைவராக அமர்த்துங்கள். நன்கொடையாளர் பட்டியல், யாரிடம் எப்போது என்ன பேசப்பட்டது என்ற குறிப்பு, சான்றிதழ்களின் காலாவதி நாட்கள், இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள் ஆகியவை அமைப்பின் பெயரிலுள்ள ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒருவரின் மடிக்கணினியில் இருக்கக் கூடாது. விலகும் தலைவர் முதல் பதினைந்து பெரிய நன்கொடையாளர்களிடம் புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். அதன் பிறகு கணக்குகளின் நிர்வாக அனுமதியிலிருந்து தம் பெயரை நீக்கச் சொல்லி அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம்.